எல்லாரும் ஒத்துக்கொண்ட கூட்டம்

ஆங்கில இலக்கணத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டாத ஒரு பாடம் இருக்கிறது. எவ்ரிபடி, நோபடி, எனிபடி என்று, ஆள் யாரென்று சொல்லாமலே ஆளைக் குறிக்கும் சொற்கள் உண்டல்லவா, அவற்றோடு ஆல்மோஸ்ட், ஹார்ட்லி போன்ற அட்வெர்ப்களை எங்கே வைப்பது என்பதுதான் அந்தப் பாடம். விடை சுலபம். முன்னால், ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். ‘ஆல்மோஸ்ட் எவ்ரிபடி’ என்றால் கிட்டத்தட்ட எல்லாரும். ‘ஹார்ட்லி எனிபடி’ என்றால் யாருமே இல்லை என்று சொல்லிவிடலாம், ஆனால் யாரோ ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் செமோரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் முப்பத்தோரு வருடம் இதைக் கற்பித்தேன். அமைச்சர்கள் மாறினார்கள், பாடப்புத்தகத்தின் அட்டை மாறியது, வகுப்பறையில் கரும்பலகை போய் வெள்ளைப்பலகை வந்தது. நான் மட்டும் ஆல்மோஸ்ட்டைத் தூக்கி எவ்ரிபடிக்கு முன்னால் வைத்துக்கொண்டே இருந்தேன்.

ஒருமுறை பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு எல்லாரும் வந்தாயிற்றா என்று கேட்டபோது ஒரு மாணவன், ‘எவ்ரிபடி ஆல்மோஸ்ட் கம் ஆல்ரெடி, டீச்சர்’ என்றான். விடுவேனா? அப்படியென்றால் எல்லாரும் பள்ளி வாசல் வரைக்கும் வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போய்விட்டார்களா, அவர்களுக்கு நம்மேல் அப்படி என்ன கோபம் என்று கேட்டேன். திடலில், வெயிலில், கால் மணி நேரம் விளக்கினேன். அதற்குள் நூறு மீட்டர் ஓட்டம் முடிந்துவிட்டது, அவன் அதில் ஓடவேண்டியவன். இன்று அவன் ஈப்போவில் இரண்டு உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். இன்னும் அப்படித்தான் பேசுகிறான். வாடிக்கையாளர்கள் யாரும் குழம்பிப்போய் வாசலோடு திரும்பியதாகத் தகவல் இல்லை.

அரசாங்கம் எனக்கு ஓய்வு கொடுத்தது. ஊர் கொடுக்கவில்லை. ஆங்கிலம் தெரிந்த, வேலையில்லாத, காப்பி போட்டுக் கொடுக்கிற ஒரு பெண்பிள்ளை செமோரில் தனியாக இருக்கிறாள் என்ற செய்தி காம்பார் வரைக்கும் போயிருக்கவேண்டும். இன்சூரன்ஸ் கடிதம், நகரசபைக்குப் புகார், சிங்கப்பூர் வேலைக்கு விண்ணப்பம் என்று வந்துகொண்டே இருந்தார்கள். வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு பப்பாளிப்பழம் கொண்டுவந்தார்கள். பப்பாளி எனக்குப் பிடிக்காது என்பதைச் சொல்ல எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் துணிச்சல் வரவில்லை.

அப்படிப் பப்பாளியோடு வந்தவர்களில் ஒருவர்தான் எங்கள் கோயில் தலைவர். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே இருந்த பால்மரத் தோட்டம், அதாவது ரப்பர் தோட்டம் ஒன்றில்தான் நான் பிறந்தேன். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் இப்போது வீடமைப்பு நிறுவனம் வந்திருக்கிறது. சனங்கள் எல்லாம் தாமான் எனும் புதுக் குடியிருப்பு வீடுகளுக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. தோட்டமே இல்லாவிட்டாலும் தோட்டத்துக் கோயிலுக்கு நிர்வாகக் குழு மட்டும் பலமாக இருந்தது. தலைவருக்கு ஆறு லாரிகள், ஒரு கணீர்க் குரல், எதற்கும் ‘பேசிக்கலாம்’ என்று சொல்கிற நல்ல சுபாவம். அவர் என்னைச் செயலாளராக இருக்கச் சொன்னார். இங்கிலீஷ் தெரிந்தவர் குழுவில் ஒருவர் வேண்டும், நிறுவனத்துக்கு எல்லாம் இங்கிலீஷில்தான் எழுதவேண்டும் என்றார். தோட்டத்திலிருந்து ஆசிரியர் பயிற்சிக்குப் போன முதல் பெண் நான்தான் என்பதையும் ஞாபகப்படுத்தினார். அதை ஞாபகப்படுத்தினால் நான் எதற்கும் சம்மதித்துவிடுவேன் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். கோயில் நிற்கும் நிலம் நிறுவனத்துக்கு வேண்டும். பதிலுக்குப் புதிய தாமானில் ஓர் இடம் தருகிறார்கள். அந்த இடம் தாமானின் கழிவுநீர்க் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்த நாட்டில் நம் தெய்வங்களுக்கும் கழிவுநீர்க் குளங்களுக்கும் அப்படி ஒரு பொருத்தம், பத்துப் பொருத்தமும் பார்த்துத்தான் ஒதுக்குகிறார்கள். பொதுக்கூட்டம் போட்டு, எல்லாரும் சம்மதித்ததாக ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தால் போதும், மற்றதை நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.

ஆனால் பழைய தோட்டத்தில் இன்னும் ஒருத்தி குடியிருந்தாள். கோயிலுக்குப் பின்னால் ஆறு கதவு உள்ள ஒரு லயம், கூலியாட்களுக்குக் கட்டிய வீட்டு வரிசை, அதில் ஐந்து வீடு இடிந்துவிட்டது, ஆறாவதில் அவள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் எங்கள் இருவருக்கும் ஒரே பெஞ்சு. என் கணக்கை அவள் பார்த்து எழுதுவாள், அவள் கட்டுரையை நான் பார்த்து எழுதுவேன். ஆறாம் வகுப்போடு அவளைப் பால்மரம் சீவ அனுப்பிவிட்டார்கள், என்னைப் பட்டணத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அறிவு வித்தியாசத்தால் அல்ல, என் அப்பாவுக்கு ஒரு சைக்கிள் இருந்தது. இப்போது அவள் சுங்கை சிப்புட்டில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறாள். அறுபது தாண்டியும் மோட்டார் சைக்கிளில்தான் போய்வருகிறாள். காலையில் போகுமுன் கோயிலைப் பெருக்கி விளக்கேற்றிவிட்டுப் போவாள். அவள் வீட்டுக்கு மின்சாரம் கோயில் மீட்டரிலிருந்து போகிறது, தண்ணீரும் கோயில் குழாயிலிருந்துதான். கோயில் போனால் இரண்டும் போகும், அதோடு வீடும் போகும். தலைவரிடம் கேட்டேன். மகன் ஜோகூரில் இருக்கிறானே, அங்கே போய் இருந்துகொள்ளட்டும் என்றார். மகன் தொழிற்சாலை விடுதியில் மற்ற ஏழு பேரோடு ஓர் அறையில் படுக்கிறான் என்பது எனக்குத் தெரியும். நானும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் கோயில் கூட்டங்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வாக்கெடுப்பு என்ற கெட்ட பழக்கம் எங்களிடம் கிடையாது. சாப்பாடு உண்டு. கூட்டம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு பொட்டலம். முன்பொரு காலத்தில் ஒரே ஆள் நான்கு பொட்டலம் எடுத்துக்கொண்டு போனதால், பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எடுக்கவேண்டும் என்று விதி வந்தது. அந்தத் தாளை வீணாக்காமல் கூட்ட அறிக்கையோடு பின்குத்திவிடுவார்கள். இப்படியாக, பொட்டலம் வாங்கியவர்கள் எல்லாரும் அன்றைய தீர்மானங்கள் அத்தனைக்கும் சம்மதித்தவர்களாக ஆகிவிடுவார்கள். கூட்டம் முடிகிற நேரத்துக்குச் சரியாக வந்து, பொட்டலத்தோடு போகிறவர்களும் இதில் அடக்கம். பல வருடங்களாக எங்கள் கோயிலில் எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறிவந்த ரகசியம் இதுதான். யாருக்கும் இது தப்பாகப் படவில்லை, எனக்கும்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கோயில் முன்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், நாற்பது பேருக்கு மேல் கூட்டம். அன்றைய பொட்டலத்துக்கு மீகூன், அதான் அரிசிச் சேமியா, விடிகாலையிலேயே எழுந்து பிரட்டிவைத்திருந்தவள் அவள்தான். தலைவர் அரைமணி நேரம் புதிய கோபுரத்தைப் பற்றிப் பேசினார். குளத்தைப் பற்றிப் பேசவில்லை. யாருக்காவது மாற்றுக்கருத்து உண்டா என்று கேட்டுவிட்டு, யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் மைக்கைக் கீழே வைக்கப் போனார். பின்வரிசையில் அவள் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“எனக்கு இதுல சம்மதம் இல்லண்ணே. கோயில் போனா என் வீட்டுக்கு லைட்டும் தண்ணியும் இல்ல. எனக்கு ஒரு வழி சொல்லிட்டு அப்புறம் கோயில எடுங்க.”

தலைவர், சரிக்கா, பேசிக்கலாம் என்றார். எங்கள் வட்டாரத்தில் இந்தச் சொல்லுக்கு இனி இதைப் பற்றிப் பேசக்கூடாது என்று பொருள். அவளோ அந்தச் சொல்லை அப்படியே நம்பி உட்கார்ந்தாள். பிறகு பொட்டலம் கொடுக்கத் தொடங்கினார்கள். எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிட்டுக் கடைசியில் அவளும் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்து அழகாக இருக்கும், தமிழில்தான் போடுவாள்.

மறுநாள் அறிக்கையைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் கை தானாகவே ‘ஆல்மோஸ்ட் எவ்ரிபடி’ என்று சரியான இடத்தில் சரியாகத்தான் அடித்தது. அந்த நேரம் பார்த்துத் தலைவர் தொலைபேசியில் வந்தார்.

“எல்லாரும்னே போட்டுருங்க டீச்சர். ஒருத்தரு ஒத்துக்கலன்னு போட்டா, யாரு அந்த ஒருத்தருன்னு கம்பெனிக்காரன் கேப்பான். அப்புறம் பத்து வருசம் இழுக்கும்லா.”

நான் மறுத்துப் பேசினேன், பயந்துபோய்ச் செய்தேன் என்றெல்லாம் எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை. எனக்கு அந்த வேலை முடியவேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை அழித்ததும் வாக்கியம் பளிச்சென்று இருந்தது. இன்னும் பளிச்சென்று இருக்கட்டும் என்று, ‘வந்திருந்த ஒவ்வொருவரும் மனமுவந்து ஒத்துக்கொண்டனர்’ என்று நானாகவே ஓர் அலங்காரம் சேர்த்தேன். மனமுவந்து என்று போடச் சொல்லித் தலைவர் கேட்கவில்லை, அது என் கைவரிசை. பொட்டலத் தாளைப் பின்னால் வைத்து, அதன் தலையில் ‘ஒப்புதல் அளித்தவர்கள்’ என்று ஆங்கிலத்தில் அழகாக ஒரு தலைப்பும் போட்டேன். ஈப்போ அலுவலகத்திலிருந்து ஒரு சீனப் பெண் அதிகாரி அழைத்து, இவ்வளவு சுத்தமான ஆங்கிலத்தில் ஒரு கோயில் அறிக்கையை இதுவரை பார்த்ததில்லை என்று பாராட்டினாள். இரண்டு நாள் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் பிற்பகலில் அவளுடைய மோட்டார் சைக்கிள் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. சிற்றுண்டிச்சாலை வேலை முடிந்து நேராக வந்திருந்தாள், இடுப்பில் ஏப்ரன் கூட அவிழ்க்கவில்லை. நேரே அடுப்படிக்கு வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒரு பழுப்பு உறையை என்னிடம் நீட்டினாள்.

“கம்பெனிலேருந்து வந்துருக்கு புள்ள. எல்லாம் இங்கிலீசு. படிச்சிச் சொல்லு.”

முதல் பக்கத்தைச் சரளமாகச் சொன்னேன். இந்த மாதக் கடைசியில் கோயில் மீட்டரைக் கழற்றுகிறார்கள், குழாயை அடைக்கிறார்கள், முப்பது நாளில் வீட்டைக் காலிசெய்ய வேண்டும், இதற்கு நீங்கள் ஏற்கெனவே சம்மதம் தெரிவித்திருக்கிறீர்கள், ஆதாரம் இணைப்பில். இணைப்பைத் திருப்பினேன். என் அறிக்கை. வாழ்நாள் முழுதும் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லிக் கொடுத்த எனக்கு அந்த ஒரு வரிக்கு வாய் எழவில்லை. என்ன இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டாள். வந்தவர்கள் எல்லாரும் மனசார ஒத்துக்கொண்டார்கள் என்று இருக்கிறது என்றேன்.

“நான் எழுந்து நின்னு சொன்னேனே. நீ முன்னாலதான உக்காந்திருந்த.”

ஆமாம் என்றேன். அவளே மூன்றாவது பக்கத்தைத் திருப்பினாள். அதன் அடியில் தன் கையெழுத்தைக் கண்டுபிடித்து அதன்மேல் விரலை வைத்தாள்.

“இது மீகூன் பொட்டலத்துக்குப் போட்டதுல்ல?”

அதற்கும் ஆமாம் என்றேன். அவள் கோபப்படவில்லை. பார்க்கப்போனால் அவள் முகம் தெளிந்தது, எங்கே தவறு நடந்தது என்று தெரிந்துவிட்டதல்லவா. யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள், நீ சரியாக ஒரு கடிதம் எழுதிக் கொடு, சரியாகிவிடும் என்றாள்.

யாரோ. சம்படி. அந்தச் சொல்லின் சௌகரியம் என்னைவிட யாருக்குத் தெரியும்? அதற்குள் ஊரே ஒளிந்துகொள்ளலாம், ஒருவரும் அகப்படமாட்டார்கள். அவளே கதவைத் திறந்துவைத்து என்னை உள்ளே போய் ஒளிந்துகொள்ளச் சொல்கிறாள். நானும் ஒளிந்துகொண்டேன். எவ்வளவு நேரம் என்றால், அடுப்பைப் பற்றவைத்து, தேநீர் போட்டு, அவள் முன்னால் கொண்டுவந்து வைக்கிற வரைக்கும். தம்ளரை வைத்த பிறகும் நான் அணைக்க மறந்த அடுப்பு எரிந்துகொண்டிருந்ததை அவள் பார்த்தாள். உடம்புக்கு என்ன என்று கேட்டாள். அதை மட்டும் என்னால் தாங்கமுடியவில்லை.

நான்தான் எழுதினேன் என்று சொன்னேன்.

அவள் பழுப்பு உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான்.”

தாள்களை ஒழுங்காக மடித்து உறைக்குள் வைத்தாள். எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். தேநீரைத் தொடவில்லை. நான் பின்னாலேயே போனேன். அவள் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப நான் வேற யாருகிட்ட போயி எழுதச் சொல்றது?”

குத்திக்காட்டுவது என் தொழில், அவளுக்கு அது வராது. அவள் நிஜமாகவே கேட்டாள். ஆங்கிலத்தில் கடிதம் எழுத அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் நான், அந்த ஆள் இப்போது இல்லை. வீடு போகிறது, முப்பது நாள்தான் இருக்கிறது, எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நானே எழுதுகிறேன், உட்கார் என்றேன். உட்காரவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து நின்றபடியே இருந்தாள்.

என் வாழ்க்கையில் எழுதியதிலேயே மொட்டையான ஆங்கிலம் அந்தக் கடிதம். இந்த அறிக்கையை எழுதியது நான். அது பொய். இந்தப் பெண் எழுந்து நின்று மறுத்தாள். அதை நான் கேட்டேன். கையெழுத்துத் தாள் உணவுப் பொட்டலத்துக்கானது. தலைப்பைப் பிறகு எழுதியது நான். நீதிமன்றம் கூப்பிட்டாலும் வந்து சொல்வேன். ஏழு வரிதான், ஆனால் அரைமணி நேரம் ஆயிற்று. அச்செடுத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டுக்கொண்டாள். கையெழுத்துப் போட நான் பேனாவை எடுத்தபோது, இப்போது வேண்டாம் என்று தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

எங்கே போனாள் என்பது பிறகுதான் தெரிந்தது. செமோர் கடைத்தெருவில் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர் உணவகம் வைத்திருக்கிறார், அந்தக் காலத்து ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். அவரிடம் காட்டி, வரிக்கு வரி படித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறாள். ரொட்டிக்கும் தேத்தண்ணிக்கும் ஆட்கள் காத்திருக்க, கல்லாவிலேயே உட்கார்ந்து அவர் இரண்டு முறை படித்துச் சொல்லியிருக்கிறார். அவள் அப்படிச் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் மூன்று பேரிடம் காட்டியிருப்பேன்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. வேலிக்கு வெளியே நின்று தாளை நீட்டினாள்.

“கடை அண்ணே படிச்சிச் சொன்னாரு. நீங்க சொன்னதுதான் இருக்காம். கையெழுத்துப் போடுங்க டீச்சர்.”

ஐம்பது வருடத்துக்கு மேலாக என்னை அவள் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை, நீங்க என்றதும் இல்லை. வேலிமேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

கடிதம் வேலை செய்தது. மீட்டரைக் கழற்றுவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அவளுக்கு ஒரு வழி சொல்லி, கூட்டத்தையும் புதிதாகப் போடாமல் கோயிலை எடுக்கமுடியாது என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் சொல்லிவிட்டாராம். கோயில் பெயரைக் கெடுத்துவிட்டதாகத் தலைவர் என்னைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கிவிட்டார், ஏகமனதாக. போன வாரம் சுங்கை சிப்புட் சந்தையில் அவளைப் பார்த்தேன். கீரைக் கட்டை வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் லைட் எரிகிறதா என்று கேட்டேன். எரியுதுங்க டீச்சர் என்றாள். வேறு ஏதாவது சொல்வாள் என்று பக்கத்திலேயே நின்றேன். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, வாரேங்க என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.